பேய் பிறந்த மேஜை: புதுமைப்பித்தனின் பட்டறைக்குள் ஓர் எட்டிப்பார்வை

கதவு திறந்தே இருக்கிறது, உள்ளே வாருங்கள்! தமிழ்ப் பேய்க்கதைகளில் உச்சியில் இருப்பது எது என்று என்னைக் கேட்டால், ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘காஞ்சனை’ என்பேன். 1943 ஜனவரி ‘கலைமகள்’ இதழில் வந்த கதை. எண்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாகப் படித்துப் பாருங்கள், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போக மனசு வராது!

இத்தனைக்கும் அதில் பாழடைந்த பங்களா கிடையாது, ஒற்றைப் பனைமரம் கிடையாது, நள்ளிரவு அலறல் கிடையாது. சாதாரணக் குடித்தன வீடு. புருஷன், பெண்டாட்டி, புதிதாக வந்து சேர்ந்த வேலைக்காரி. மொத்தச் சாமான் இவ்வளவுதான். இதைக் கொண்டு ஒரு மனிதர் நம் வயிற்றைக் கலக்கியிருக்கிறார் என்றால், அவருடைய பட்டறையை ஒரு தடவையாவது சுற்றிப் பார்க்க வேண்டாமா? அவர் உட்கார்ந்த மேஜை எது, அங்கே வேறு என்னென்ன செய்தார், பயத்தை எந்த உளி கொண்டு செதுக்கினார்? நினைக்கும்போதே கை பரபரக்கிறது. கிளம்புவோம்!

கல் மிதந்து வந்த ஊர்

முதல் நிறுத்தம், கடலூர். அதிலும் திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய தெருக்கள், தேர் வீதி, பூக்கடை, பக்கத்திலேயே ரயில் நிலையம். 1906 ஏப்ரல் 25 அன்று சொ. விருத்தாசலம் பிறந்தது இங்கேதான். புதுமைப்பித்தன் என்ற பெயரெல்லாம் பின்னால் வந்தது. அப்பா சொக்கலிங்கம் பிள்ளை திருநெல்வேலிக்காரர், அரசாங்க உத்தியோகம். அம்மா பர்வதத்தம்மாள்.

இந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு மகா கதை இருந்தது. திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான் பல்லவ மன்னன். கல் மூழ்கவில்லை, தெப்பமாக மிதந்தது. அவர் கரை சேர்ந்த இடம் திருப்பாதிரிப்புலியூர் என்கிறது பெரியபுராணம். அவர் ஏறிய கரை என்று பக்கத்தில் ஒரு குப்பத்தையே காட்டுகிறார்கள். பெயர், கரையேறவிட்ட குப்பம்! இன்னும் கொஞ்சம் தள்ளி தேவனாம்பட்டினம். 1690-ல் ஆங்கிலேயர் அங்கே கோட்டை வாங்கியபோது, பீரங்கி சுட்டுக் குண்டு போய் விழும் தூரம் வரைக்குமான ஊர்கள் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். சுட்டார்கள், வளைத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தப் பீரங்கிச் சத்தம் இன்னும் கேட்கிறது. வரலாறே கதைமாதிரி நடந்த மண்ணில் ஒரு கதைக்காரர் பிறந்திருக்கிறார்!

அப்பாவின் உத்தியோக மாற்றல்களோடு செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று அந்தக்காலத் தென்னாற்காடு ஜில்லாவுக்குள்ளேயே பிள்ளைப் பருவம் நகர்ந்தது. ஊர் தோறும் புதுத் தெரு, புதுப் பள்ளிக்கூடம். எட்டு வயதில் அம்மா போய்விட்டாள். வீட்டுக்குச் சிற்றன்னை வந்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய குறுநாவலின் தலைப்பு ‘சிற்றன்னை’. வீடு என்பது பத்திரமான இடம் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே ஆட்டம் கண்டுவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். பின்னாளில் அவர் எழுதிய உச்சமான பயம் நடுவீட்டுக்குள்ளேயே நடமாடுவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

1918-ல் அப்பா ஓய்வு பெற, குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அது சுடலைமாடன் சீமை, இசக்கி சீமை! கொடை விழாவில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு ஒலிக்கிற நாடு. செத்தவர்கள் தெய்வமாகிப் படையல் கேட்கிற நாடு. நெல்லை இந்துக் கல்லூரியில் 1931-ல் பி.ஏ. முடித்து வெளியே வந்தபோது, தென்னாற்காட்டுப் பிள்ளைப் பருவமும் நெல்லைச் சீமையின் ராத்திரிகளும் அவருக்குள் ஒன்றாகக் கலந்திருந்தன.

துணையாசிரியரின் நாற்காலி

இப்போது பட்டறையின் நடுக்கூடம். பேய்க்கதை எழுதியவர் ஏதோ மலைக்குகையில் தாடி வளர்த்து உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பத்திரிகை ஆபீஸ் ஆள்! காரைக்குடி ‘ஊழியன்’ பத்திரிகையில் கொஞ்ச நாள் துணையாசிரியர். 1934-ல் சென்னை. ‘மணிக்கொடி’ பத்திரிகையில் கதைகள் வர ஆரம்பித்தன. அப்புறம் டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த ‘தினமணி’யில் துணையாசிரியர். 1943-ல் சொக்கலிங்கம் விலகியபோது கூடவே வெளியேறி, அவர் தொடங்கிய ‘தினசரி’யில் சேர்ந்தார்.

அந்தக்காலத் தமிழ் நாளிதழ் ஆபீசில் துணையாசிரியர் என்றால் என்ன வேலை தெரியுமா? தந்தியில் ஆங்கிலச் செய்தி வந்து குவியும். உடனே தமிழாக்க வேண்டும், சுருக்க வேண்டும், தலைப்புப் போட வேண்டும், அச்சுக்கு அனுப்ப வேண்டும். யுத்தகாலம் வேறு. குண்டு வீச்சு, பஞ்சம், சாவு எல்லாம் அவர் கைவழியாகத்தான் தமிழாகி மறுநாள் காலையில் வாசகர் வீட்டுத் திண்ணைக்கு வந்தன. எவ்வளவு பெரிய பயங்கரமும் பத்து வரிக்குள் அடங்க வேண்டும் என்பது அங்கே தினசரிப் பயிற்சி. அவர் கதைகளில் வாக்கியங்கள் வெட்டிவெட்டி விழுவதற்கும், வேண்டாத சொல் ஒன்றுகூட ஒட்டாததற்கும் அந்த நாற்காலிக்குப் பெரிய பங்கு உண்டு என்று அடித்துச் சொல்வேன்.

ஒரே மேஜையில் எத்தனை ஆட்கள்! கதை எழுதப் புதுமைப்பித்தன். கட்டுரைக்கு சொ.வி. கவிதைக்கு வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை. விமர்சனத்துக்கு ரசமட்டம். கொத்தனார் சுவர் கோணல் பார்க்க வைக்கும் அதே ரசமட்டத்தைச் சக எழுத்தாளர்களின் கதைகள் மேல் வைத்தார். எது சொந்தச் சரக்கு, எது இரவல் என்று பார்த்துத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொன்னார். முசோலினியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு வைத்த பெயர் ‘பேஸிஸ்ட் ஜடாமுனி’. ஜடாமுனி யார்? மரத்தில் குடியிருந்து கிராமத்தையே கதிகலங்க வைக்கும் துடியான ஆவி! ஐரோப்பாவின் சர்வாதிகாரியை நம் ஊர் மரத்தில் ஏற்றிவிட்டார். அரசியல் எழுதும்போதும் பேனா பேய்ப் பக்கம்தான் சாய்கிறது!

இன்னும் ஒரு பெட்டியைத் திறக்கிறேன், பாருங்கள். 1818-ல் வெளிவந்த மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. தலைப்பு, ‘பிரேத மனிதன்’. எழுத ஆரம்பித்தபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. ஜெனீவா ஏரிக்கரையில் மழை கொட்டிய ஒரு கோடையில் நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டதில் முளைத்த நாவல் அது. உலகப் பேய்க்கதையின் ஆணிவேரைத் தமிழில் நட்டவரும், தமிழ்ப் பேய்க்கதையின் உச்சியைத் தொட்டவரும் ஒரே ஆள்! இதைக் கேட்டு உள்ளங்கை வேர்க்கவில்லையா?

‘காஞ்சனை’யைப் பிரித்துப் போட்டால்…

சரி, இப்போது இயந்திரத்தின் மூடியைக் கழற்றுவோம்.

முதல் திருகு, கதைசொல்லி. அவன் கதை எழுதிப் பத்திரிகைகளால் பிழைக்கிறவன். கற்பனை செய்வது அவன் தொழில். அதை அவனே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறான். அப்படியானால் அவன் பார்ப்பது நிஜமா, தொழில் பழக்கமா? சந்தேகம் முதல் பக்கத்திலேயே வாசகன் மடியில் வந்து விழுகிறது. எழுதியவரும் அந்தச் சமயத்தில் அதே பிழைப்பில் இருந்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தன் நாற்காலியையே தூக்கிக் கதைக்குள் போட்டுவிட்டார்.

இரண்டாவது, மூக்கு. பேய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நாசிக்கு வந்துவிடுகிறது. தூக்கம் வராத ராத்திரியில் திடீரென்று ஒரு துர்நாற்றம். சற்று நேரத்தில் அது நறுமணமாக மாறுகிறது. உருவத்தைப் பார்த்து ‘பிரமை’ என்று தள்ளிவிடலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம். வாசனையை என்ன செய்வீர்கள்? மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்! அந்த ஒரு தேர்வில்தான் எத்தனை பெரிய சூட்சுமம்!

மூன்றாவது, வேலைக்காரி. வாசலில் பிச்சை கேட்டு வந்த பெண் வீட்டோடு தங்கிவிடுகிறாள். அவள் பெயர்தான் காஞ்சனை. அவளை உள்ளே சேர்த்துக்கொள்வது பெண்டாட்டி. அவளுக்கு வீட்டு வேலைக்கு ஒரு கை கிடைத்த நிம்மதி, பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷம். பயப்படுகிறவன் புருஷன் மட்டுமே. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரே கூரையின் கீழ் ஒருத்தி நிம்மதியாக இருக்க, இன்னொருவன் உள்ளுக்குள் நடுங்க, அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் கதை மூச்சு விடுகிறது.

நான்காவது, கால்கள். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது நம் பாட்டிமார் சொன்ன பாடம். கதையிலும் ஒரு கணம் அவள் காலைப் பற்றிச் சந்தேகம் தட்டுகிறது. மறுகணம் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த இரண்டு கணத்துக்கும் நடுவில் நம்மைத் தொங்கவிட்டு அவர் நடையைக் கட்டிவிடுகிறார்!

ஐந்தாவது, கழுத்து. அதை நான் சொல்லமாட்டேன். படிக்காதவர்கள் படிக்கட்டும். கடைசியில் ஒரு பரதேசி வருகிறான், திருநீறு வருகிறது. பரிகாரம் கிடைக்கிறது, விளக்கம் கிடைப்பதே இல்லை. அவள் யார், எங்கிருந்து வந்தாள், என்ன வேண்டும் அவளுக்கு? ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்காமல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இப்போது அடுத்த அதிசயத்துக்கு வாருங்கள். பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் திரும்பப் படித்தால் பழையபடி பயமாகத்தான் இருக்கிறது! செப்பிடுவித்தையின் சூட்சுமம் தெரிந்த பிறகு வித்தை சப்பென்று போய்விடும். இங்கே தெரியத் தெரியப் பயம் கூடுகிறது. ஏனென்றால் அவர் ஒளித்துவைத்தது எதுவுமே இல்லை. வெற்றிலைப் பெட்டியும் வாசல் நடையும் சமையல்கட்டுமாக நம் வீட்டுச் சாமான்களைத்தான் அடுக்கியிருக்கிறார்.

அதே வருஷம், அதே பத்திரிகை, ஒரு பிணம்

புதுமைப்பித்தனின் 1943-ஐ மட்டும் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டலாம். ‘காஞ்சனை’ வந்த அதே வருஷம், அதே ‘கலைமகள்’ இதழில் ‘செல்லம்மாள்’ வந்தது. பட்டணத்துக் குடித்தனம். ராத்திரி. மனைவி கண்ணை மூடிவிட்டாள். புருஷன் பிரமநாயகம் பிள்ளை மட்டும் பிணத்தோடு தனியாக. வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டுகிறார். பேய்க்கதைக்கு இதைவிட வாகான கட்டம் உண்டா? நிஜப் பிணம், நிஜ இருட்டு, கூட ஆள் இல்லை. ஆனால் நமக்குத் துளிகூடப் பயம் வருவதில்லை. தொண்டை அடைக்கிறது, அவ்வளவுதான். அன்பு இருக்கிற அறையில் பிணம்கூட மனுஷியாகவே இருக்கிறது.

பக்கத்தில் ‘காஞ்சனை’யை வையுங்கள். அங்கே நடமாடுகிறவள் உயிருள்ள பெண்ணாகத்தான் தெரிகிறாள். சோறு பொங்க உதவுகிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். நமக்கோ குலை நடுங்குகிறது!

எனக்கு இந்தப் பட்டறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பயத்தை எங்கே திறக்க வேண்டும், எங்கே இறுக்கி மூட வேண்டும் என்று தெரிந்த கை ஒன்றே இரண்டையும் எழுதியிருக்கிறது. சாவைக் கண்டு நாம் நடுங்குவதில்லை. நமக்குப் புரியாத ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்டுதான் நடுங்குகிறோம் என்பதை இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தால் உடம்பே சொல்லிவிடும்.

‘காஞ்சனை’ இடம்பெற்ற கதைத் தொகுதிக்கு அந்தக் கதையின் பெயரையே வைத்து, முன்னுரைக்கு அவர் இட்ட தலைப்பு ‘எச்சரிக்கை’. உலகத்தைத் திருத்தும் உத்தேசம் தன் கதைகளுக்குக் கிடையாது என்று அதில் நேராகச் சொல்லிவிட்டார். வாசலில் பலகை மாட்டிவிட்டு உள்ளே அனுப்புகிறவரின் தெம்பைப் பாருங்கள்!

சிதம்பரத்துத் திரை

கடலூரிலிருந்து ரயிலேறித் தெற்கே வந்தால் சிதம்பரம். ஊரின் வடகோடியில் தில்லைக்காளி. நடனப்போட்டியில் தோற்று எல்லைக்குப் போனவள் என்கிறது புராணம். தமிழில் பேயும் காளியும் ஒன்றாகவே வளர்ந்தவர்கள். காரைக்கால் அம்மையார் பேயுருவைக் கேட்டு வாங்கி, தன்னைப் பேய் என்றே பாடிக்கொண்டார். ‘கலிங்கத்துப்பரணி’யில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டுக் கூத்தாடின. அப்படிப் பாலையிலும் களத்திலும் திரிந்த பேயைத்தான் புதுமைப்பித்தன் குடித்தன வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார். எவ்வளவு பெரிய தாவல்!

தில்லைக் கூத்தனையும் அவர் விடவில்லை. 1935 ‘மணிக்கொடி’யில் ‘சிற்பியின் நரகம்’. சாத்தன் என்ற சிற்பி ஆயுளைக் கொட்டி நடராஜர் சிலை செய்கிறான். அது கோயிலுக்குள் போகிறது. பிறகு அவனுக்கு ஒரு கொடுங்கனவு. நிழல்கள் கூட்டம் கூட்டமாக வந்து மோட்சம் கேட்கின்றன. ஒரு நிழல்கூடச் சிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. கலைஞனுக்கு நரகம் எது என்று இதைவிடப் பயங்கரமாக யாராவது சொன்னதுண்டா? தீயில் புகுந்த நந்தனாரை எடுத்துக்கொண்டு ‘புதிய நந்தன்’ எழுதினார். அதில் தீயின் இடத்தில் தண்டவாளமும் ரயிலும் வந்துவிட்டன.

சிதம்பரத்துக்கு இன்னொரு பெரிய சொந்தக்காரர், மௌனி. 1907-ல் செம்மங்குடியில் பிறந்து, பிற்காலத்தில் சிதம்பரத்தில் குடியேறி, 1985-ல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர். எழுதியது சுமார் 24 கதைகள்தான். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று கொண்டாடியவர் புதுமைப்பித்தன்! திருமூலர் என்றால் செத்துக் கிடந்த இடையன் உடம்புக்குள் புகுந்து எழுந்த சித்தர் அல்லவா? மௌனியின் ‘அழியாச்சுடர்’ கதையில் கோயில் கல் யாளிக்கு உயிர் வந்ததுபோல ஒரு கணம் வரும். அந்த ஒரு கணத்துக்காகவே சிதம்பரம் கோயில் தூண்களுக்கு நடுவில் அந்திவேளையில் நடந்து பார்க்கலாம். கடலூரில் பிறந்தவர் வேலைக்காரியின் காலில் வைத்த நடுக்கத்தைச் சிதம்பரத்துக்காரர் கல்லில் வைத்தார்.

சிதம்பர ரகசியம் எல்லோருக்கும் தெரியும். திரையை விலக்குவார்கள், தங்க வில்வ மாலை தொங்கும், அதற்குப் பின்னால் வெட்டவெளி. ரகசியம் என்னவென்று தெரிந்த பிறகும் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்; பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை. ‘காஞ்சனை’யும் அப்படித்தான் வேலை செய்கிறது. பேய் என்று உறுதியாக எதையும் காட்டாமல், காட்டப்போகிற கணத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இன்று ராத்திரிக்கு ஒரு பட்டியல்

நாளிதழ் வேலை முடிந்த பிறகு புதுமைப்பித்தனுக்குச் சினிமா. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனேக்குப் போனவரைக் காசநோய் பிடித்தது. 1948-ல் திருவனந்தபுரத்தில் முடிந்தது, வயது 42. எழுதிய காலம் பதினைந்து வருஷம்தான். பிரிந்திருந்த நாட்களில் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற புத்தகமாக இருக்கின்றன. பேயை வீட்டுக்குள் கொண்டுவந்தவர், வீட்டை விட்டுத் தூரத்தில் இருந்துகொண்டு வீட்டையே நினைத்து உருகியதை அதில் பார்க்கலாம். நண்பர் ரகுநாதன் 1951-லேயே அவர் வரலாற்றை எழுதிவைத்தார். ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி இதழ் இதழாகத் தேடிக் கதைகளைக் கால வரிசையில் பதிப்பித்தார். 2002-ல் எழுத்துகள் நாட்டுடைமையாயின. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், இலவசமாக!

ஆகையால் சாக்குச் சொல்ல வழியில்லை. என் பட்டியல் இது. முதலில் ‘காலனும் கிழவியும்’ படியுங்கள்; எமனே ஒரு கிழவியிடம் தோற்றுத் திரும்பும் கதை, பயம் தெளிந்து தெம்பு வரும். அந்தத் தெம்போடு ‘காஞ்சனை’. பிறகு மூச்சு விடாமல் ‘செல்லம்மாள்’. மிச்சத் துணிச்சல் இருந்தால், சாவை வெல்ல ஆசைப்பட்டவனின் ‘பிரம்ம ராக்ஷஸ்’. கடைசியாக, அவர் இறந்த வருஷத்தில் வந்த ‘கயிற்றரவு’. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு உரக்கப் படித்தால் இன்னும் விசேஷம். பேய்க்கதையை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடுத்த தலைமுறைக்கு ‘காஞ்சனை’யைச் சொல்லிக் கொடுங்கள், கழுத்து வரும் இடத்தில் மட்டும் ஒரு வினாடி நிறுத்துங்கள், மிச்சத்தைப் புதுமைப்பித்தன் பார்த்துக்கொள்வார்!